பீரங்கிக்குப் பாதை வெட்டியவர்கள்

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த மாணவன் ஒருவன், இராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்குப் புறப்படுவதற்கு முன் என்னிடம் வந்து, "ஐயா, பீரங்கிப் படையில் அந்தக் காலத்திலே நம்மவர்கள் இருந்திருக்கிறார்களா?" என்று வினவினான். ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம் என்றேன். அவன் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. பேருந்துக்கு நேரமாகிவிட்டமையால் விளக்கம் கூற இயலவில்லை. நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு கழகத்தார் பணித்தபோது, அந்த மாணவனுக்குச் சொல்ல வேண்டிய விடையையே எழுதுவதென்று முடிவு செய்தேன்.

கிழக்கிந்தியக் கும்பினியார் சென்னை, பம்பாய், வங்காளம் ஆகிய மூன்று இடங்களிலும் முறையான பீரங்கிப் படைக் கம்பெனிகளை அமைக்க முற்பட்டது 1748-ஆம் ஆண்டில். அப்பொழுது வகுக்கப்பட்ட விதிகளில் ஒன்று நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டியதாகும். இந்தியரோ, கலப்பினத்தவரோ, ரோமன் கத்தோலிக்கரோ எக்காரணம் கொண்டும் வெடிமருந்துக் கூடத்திலும் ஆயுதக் கிடங்கிலும் கால் வைக்கலாகாது என்பதே அவ்விதி. மருந்து கலக்கும் அளவும், குண்டு வீசும் கணக்கும் பிறர் கைக்குப் போய்விடக் கூடாது என்ற அச்சமே இதற்குக் காரணம். கற்கக் கூடாது, கேட்கக் கூடாது, அருகில் வரக் கூடாது என்னும் விதிகள் நமக்குப் புதியன அல்ல. கடல் கடந்து வந்தவனும் அதே விதியோடுதான் வந்தான் என்பதை எண்ணும்போது சற்றே வியப்புத் தோன்றுகிறது.

அறிவை மறைத்து வைக்கலாம். பாரத்தை மறைத்து வைக்க முடியாது. கோட்டைச் சுவரை உடைப்பதற்குக் கொண்டு செல்லப்பட்ட, 24 பவுண்டு குண்டு எறியும் இரும்புப் பீரங்கி ஒன்றின் எடை சுமார் 2½ டன். அதற்குமேல் வண்டி, குண்டுகள், மருந்துப் பீப்பாய்கள். இவற்றையெல்லாம் சேற்றிலும் மணலிலும் இழுப்பதற்கு மாடுகள் வேண்டும். மாடுகள் நின்றுவிட்ட இடத்தில் தோள் கொடுக்க மனிதர்கள் வேண்டும். ஆகவே, வெள்ளைக்காரப் பீரங்கிக் கம்பெனி ஒவ்வொன்றோடும் 'லஸ்கர்' எனப்பட்ட இந்தியப் பணியாளர் கூட்டம் ஒன்று சேர்க்கப்பட்டது. கயிறு பிடித்து இழுப்பதும், குண்டு சுமப்பதும், கூடாரம் அடிப்பதும் அவர்கள் வேலை. பீரங்கியைத் தொட்டவர்கள் இவர்கள். பீரங்கி வீரர் என்ற பெயரைப் பெற்றவர்கள் வேறு.

1780-ஆம் ஆண்டு ஹைதர் அலி கர்நாடகத்தின்மீது பெரும்படையோடு இறங்கினார். செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அடியோடு முறியடிக்கப்பட்டது. வெடிமருந்து வண்டிகள் களத்திலேயே வெடித்துச் சிதறின. சென்னைக் கோட்டையில் கலக்கம். அத்தோல்வி நிகழ்ந்த இருபதாம் நாள், அதாவது செப்டம்பர் 30-ஆம் நாள், புனித ஜார்ஜ் கோட்டையில் 'பயனியர்' எனப் பெயரிடப்பட்ட இரண்டு கம்பெனிகள் அமைக்கப்பட்டன. படைக்கு முன்னே சென்று பாதை வெட்டுபவர் என்பது அச்சொல்லின் பொருள். அவற்றைத் திரட்டியவர் லெப்டினெண்ட் ஜோசப் மூர்ஹவுஸ். சென்னைப் பீரங்கிப் படையைச் சேர்ந்த அதிகாரி. பாதையின்றிப் பீரங்கி இல்லை என்பதைப் பீரங்கிக்காரர் அன்றி வேறு யார் நன்கு அறிவர்?

இந்த மூர்ஹவுஸ் என்பவர் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். முறையான கல்வி வாய்க்காதவர். தாமே முயன்று விஞ்ஞானம் கற்றவர். லெப்டினெண்ட் கர்னல் பதவியில் இருந்தபோது 1791 மார்ச்சில் பெங்களூர்ப் பேட்டை வாயிலில் சுடப்பட்டு இறந்தார். அவருடைய மரணத்தை ராபர்ட் ஹோம் என்னும் ஓவியர் பெரிய ஓவியமாகத் தீட்டியுள்ளார். அவர் திரட்டிய பயனியர்களுக்கு அப்படி ஓர் ஓவியம் கிடைக்கவில்லை.

அந்தப் பயனியர்கள் யாவர்? சென்னை மாகாணத்தின் தமிழ், தெலுங்கு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். பிற சாதியினரும், முஸ்லிம்களும், கிறித்தவர்களும் அவர்களிடையே உண்டு. எனினும் மண்வெட்டியும் கடப்பாரையும் ஏந்தும் படையில் நம் மக்கள் மிகுதியாகச் சேர்ந்தார்கள் என்பதும், பிற்காலத்துச் சாப்பர் படையிலும் பயனியர் ரெஜிமெண்டுகளிலும் பறையர் என்ற பெயரால் அவர்கள் பெரும்பகுதியாகப் பதிவு செய்யப்பட்டனர் என்பதும் வரலாறு. மண்ணைத் தொடுவது இழிவு என்று கருதியவர்கள் விட்டுச்சென்ற இடம் அது.

அவர்கள் செய்த வேலையின் தன்மையை மைசூர்ப் போர்களில் காணலாம். 1791 மே மாதத்தில் காரன்வாலிஸ் பிரபு ஸ்ரீரங்கப்பட்டணத்தின் அருகுவரை சென்றுவிட்டார். ஆயினும் மழையும் பஞ்சமும் நோயும் மாடுகளை மாய்த்துவிட்டன. இழுக்க ஆளும் மாடும் இன்றித் தம்முடைய கனரகப் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுத் திரும்பி நடக்க வேண்டியதாயிற்று. களத்தில் தோற்கவில்லை; வழியில் தோற்றார். அடுத்து வந்த மாதங்களில் காட்சி மாறியது. நந்தி மலைக் கோட்டையை எடுத்துக்கொள்வோம். செங்குத்தான பாறை. மலைச் சரிவில் பீரங்கிப் பாதை ஒன்று வெட்டப்பட்டு, யானைகளின் துணையோடு பீரங்கிகள் மேலே ஏற்றப்பட்டன. அக்டோபரில் கோட்டை விழுந்தது. டிசம்பரில் சாவனதுர்க்கம். அடர்ந்த மூங்கில் காடும் கரும்பாறையும் அரணாக நின்ற அந்த மலையை எவரும் பிடிக்க முடியாதென்று நம்பியிருந்தனர். காட்டை வெட்டிப் பாதை அமைத்துப் பீரங்கியை அருகே கொணர்ந்த பிறகு அந்தக் கோட்டை பல நாள் நிற்கவில்லை.

முற்றுகை என்பது பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும். உண்மையில் அது மண்வேலை. கோட்டையை நோக்கி நேராகச் சென்றால் சுடுவார்கள். ஆகவே வளைந்து வளைந்து அகழி வெட்டிக்கொண்டு, தோண்டிய மண்ணைக் கூடைகளில் நிரப்பி முன்னே அரணாக வைத்துக்கொண்டு, இரவில் நகர வேண்டும். பீரங்கியைத் தாங்கும் மேடையை மரக்கிளைக் கட்டுகளாலும் பலகைகளாலும் அமைக்க வேண்டும். சுவர் இடிந்ததும் ஏணிகளைச் சுமந்து முதலில் ஓட வேண்டியவர்களும் இவர்களே. அகழி வெட்டி முன்னேறுபவன் 'சாப்பர்'; சுரங்கம் தோண்டி வெடி வைப்பவன் 'மைனர்'. 1831-இல் பயனியர்களின் ஒரு பட்டாளம் இவ்விரு சொற்களையும் இணைத்து, 'சென்னைச் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ்' எனப் பெயர் பெற்றது.

இங்கே ஒரு கேள்வி எழும், எழவும் வேண்டும். ஹைதரையும் திப்புவையும் எதிர்த்துக் கும்பினிக்காகப் பாதை வெட்டியது பெருமைக்குரியதா? கும்பினியின் வெற்றிகளை நம்முடைய வெற்றிகளாகக் கொண்டாட எனக்கு விருப்பமில்லை. ஆயினும் ஊரில் பண்ணையடிமையாய்ப் பிறந்து, கூலியாகப் படிநெல் பெற்று, அதையும் ஆண்டையின் விருப்பப்படி பெற்றவன் ஒருவன், மாதம் தவறாமல் பணமாகச் சம்பளமும், பின்னர் பென்ஷனும் தருகிற இடத்தை நோக்கி நடந்தான் என்றால் அவனைக் குறை கூற எனக்கு வாய் வரவில்லை. அவனுக்கு எந்த அரசன் என்ன நாட்டைக் கொடுத்திருந்தான், அதைக் காட்டிக் கொடுப்பதற்கு?

பம்பாய்ப் படையில் மகர் வகுப்பினரின் நிலையும் இதுவே. 1818 ஜனவரி 1-ஆம் நாள் பீமா நதிக்கரைக் கோரேகாவில் பேஷ்வாவின் பெரும்படையை நாள் முழுதும் எதிர்த்து நின்ற சிறு படையில் மகர் சிப்பாய்கள் பலர் இருந்ததை நம் இளைஞர்கள் அறிவர். அண்ணல் அம்பேத்கர் 1927-இல் அங்குள்ள நினைவுத் தூணுக்குச் சென்றதையும் அறிவர். அந்தக் களத்தில் இருந்த இரண்டே பீரங்கிகளும் சென்னைப் பீரங்கிப் படையினுடையவை என்பதைப் பலர் அறியார். அவற்றை இயக்கிய வெள்ளைக்காரர் 24 பேரில் பாதிப்பேர் மாண்டனர். அவர்களின் அதிகாரி லெப்டினெண்ட் சிஷோமும் மாண்டார். ஒரு பீரங்கி எதிரிகள் கைக்குப் போய் மீண்டும் கைப்பற்றப்பட்டது.

போரில்லாக் காலத்தில் மண்வெட்டி ஓய்ந்திருக்கவில்லை. நீலகிரிக்கு ஏறும் மலைப்பாதைகளைப் பயனியர்கள் வெட்டினர். சர் ஆர்தர் காட்டன் 1847 முதல் 1852 வரை தவளேசுவரத்தில் கோதாவரி அணையைக் கட்டியபோது சாப்பர்களும் பணியாற்றினர். உதகைக்குச் செல்லும் வெயில் கால விருந்தினர் அந்தப் பாதையை யார் வெட்டினார் என்று கேட்பதில்லை. சீனம், பர்மா, அபிசீனியா, ஆப்கானிஸ்தானம், எகிப்து என்று சாப்பர்கள் கப்பலேறிய நாடுகளை இங்கே விரிக்கப் புகின் இம்மலர் முழுதும் போதாது. 1860-களின் நடுவிலிருந்து பெங்களூரே அவர்களின் நிலையான தலைமையிடமாயிற்று. அல்சூர் ஏரியை அடுத்து இன்றும் அங்கேயே உள்ளது.

இனி, கதவடைத்த கதைக்கு வருவோம். 1748-ஆம் ஆண்டு விதி நெடுநாள் நிலைக்கவில்லை. தேவை பெருகப் பெருக, 'கோலந்தாஸ்' எனப்பட்ட இந்தியப் பீரங்கி வீரர்களையும் கும்பினியார் பயிற்ற வேண்டியதாயிற்று. பம்பாயில் 1827 செப்டம்பர் 28-ஆம் நாள் அமைக்கப்பட்ட கோலந்தாஸ் கம்பெனி ஒன்று இன்றுவரை மலைப் பீரங்கிப் பாட்டரியாக வாழ்கிறது. அந்த நாளே இந்தியப் பீரங்கிப் படையினர் கொண்டாடும் நாள். பின்னர் 1857 வந்தது. வங்காளப் படை கிளர்ந்தெழுந்தது. சென்னைப் படையின் 52 காலாட்படை ரெஜிமெண்டுகளும் பெரும்பாலும் அமைதியாகவே இருந்தன. எனினும், தாம் பயிற்றிய பீரங்கி தம்மையே நோக்கித் திரும்பியதைக் கண்ட ஆங்கிலேயர், மலைப் பாட்டரிகள் முதலான சிலவற்றைத் தவிர்த்துப் பீரங்கிப் படை முழுவதையும் வெள்ளையர் கைக்கே மாற்றினர். குதிரை ஓட்டவும் பாரம் சுமக்கவும் இந்தியர் இருந்தனர். குறி பார்க்க இல்லை. மலைப் பாட்டரிகளிலும் வடநாட்டுக்காரர்களே சேர்க்கப்பட்டனர். வெளி நிலத்துப் பீரங்கி இந்தியர் கைக்கு மீண்டும் வர 1935 ஜனவரி 15-ஆம் நாள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது கதவையும் ஒரு பீரங்கி அதிகாரியே சாத்தினார். வங்காளப் பீரங்கிப் படையில் வளர்ந்த ராபர்ட்ஸ் பிரபு 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், பின்னர் 1893 வரை இந்தியப் படை முழுமைக்கும் தளபதியாக இருந்தவர். தென்னாட்டார் நெடுங்காலம் போரின்றி இருந்து வீரம் குன்றிவிட்டனர், வடமேற்கு மக்களே போர்க்குடிகள் என்பது அவர் கொள்கை. இரத்தத்தில் வீரம் உண்டு, பிறப்பில் தகுதி உண்டு என்ற அந்தப் பேச்சு, அரசாங்க உத்தரவாக வந்த வருணாசிரமம் அன்றி வேறென்ன? தென்னாட்டு ரெஜிமெண்டுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன அல்லது வடவரால் நிரப்பப்பட்டன. எஞ்சியவற்றிலும் நம்மவரைச் சேர்ப்பது 1890-களில் குறுகிற்று. 1928-இல் கடைசிச் சென்னைக் காலாட்படையும், 1933-இல் சென்னைப் பயனியர் பட்டாளமும் கலைக்கப்பட்டன. 52 என்ற எண் சுழியாயிற்று.

இழந்தது துப்பாக்கி மட்டுமன்று. பட்டாளத்தில் சேர்ந்தவனுக்கு எழுத்தறிவித்தார்கள். அவன் பிள்ளைகளுக்கும் பள்ளி இருந்தது. அண்ணல் அம்பேத்கரின் தந்தை சுபேதார் ராம்ஜி சக்பால் இராணுவப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்தவர். அண்ணல் பிறந்தது 1891-இல், மோவ் பாசறையில். அதையொட்டிய ஆண்டுகளிலேயே மகர்களுக்குப் படையின் கதவு அடைக்கப்பட்டது. ஒரு தலைமுறை பிந்தியிருந்தால் அந்தத் தலைமையாசிரியர் ஏது, அந்த வீட்டில் அந்தப் புத்தகங்கள் ஏது? நானும் ஒரு தலைமையாசிரியன் என்பதால் இந்தச் செய்தி என் மனத்தில் அடிக்கடி வந்து நிற்கும்.

எல்லாம் கலைந்தபோதும் கலையாமல் நின்றது சாப்பர் படை ஒன்றுதான். ராபர்ட்ஸின் கொள்கை ஏன் அதை விட்டுவைத்தது? காரணம் எளிது. காலாட்படை வீரனைச் சில மாதங்களில் உருவாக்கிவிடலாம். தச்சனை, கொல்லனை, கொத்தனை, பாலம் அமைப்பவனை, வெடிவைப்பவனை அப்படி உருவாக்க முடியாது. சாப்பர் ஒவ்வொருவனும் ஏதேனும் ஒரு தொழில் கற்றாக வேண்டும். அளவு நாடாவும் கணக்கும் அறிந்தாக வேண்டும். அந்தக் கைத்திறனை வடமேற்கிலிருந்து வரவழைக்க எந்த உத்தரவாலும் இயலவில்லை. 1912-இல் இந்தப் படையின் காப்டன் மெக்ளிண்டாக், முள்கம்பி வேலியைத் தூரத்திலிருந்தே தகர்க்கும் நீண்ட வெடிகுழாய் ஒன்றைப் பெங்களூரில் அமைத்தார். 'பெங்களூர் டார்பிடோ' என்று உலகப் படைகள் எல்லாம் அதை வழங்குகின்றன. இரண்டு உலகப் போர்களிலும் அது பயன்பட்டது.

1935-இல் இந்தியர்களுக்கென முதல் வெளிநிலப் பீரங்கிப் படையணி தொடங்கப்பட்டதும் அதே பெங்களூரில்தான். அதற்கு ஈராண்டு முன்னர் பீரங்கிப் படையின் அதிகாரியானவர் பி. பி. குமாரமங்கலம், இரண்டாம் உலகப் போரில் லிபியப் பாலைவனத்தில் பீரங்கி பாட்டரிக்குத் தலைமை தாங்கிப் பெயர் பெற்று, 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படைக்கே தளபதியாக விளங்கிய தமிழர். அவருடைய வீரத்தில் ஐயமில்லை. ஆனால் அவர் ஜமீன் குடும்பத்தில் பிறந்து இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில் படித்தவர். கதவு திறந்தபோதும் படித்தவனுக்கே முதலில் திறந்தது; அந்தப் படிப்போ யாருக்கு வாய்த்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவை மிகுந்தது. போர்க்குடி என்ற பேச்சு காற்றில் பறந்தது. 1941-இல் சென்னை ரெஜிமெண்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. சாப்பர் படை பன்மடங்கு பெருகியது. அப்படையின் 11-ஆவது பீல்டு பார்க் கம்பெனியில் இருந்தவர் சுபேதார் சுப்பிரமணியம், செங்கற்பட்டு மாவட்டத்துக்காரர். 1944-இல் இத்தாலியில் மிக்னானோ என்னுமிடத்தில் கண்ணிவெடி அகற்றும்போது உடன் வந்தவர் ஒருவர் கண்ணியை மிதித்துவிட்டார். அது வெடிப்பதற்குச் சில விநாடிகளே உண்டு என்பது சுபேதாருக்குத் தெரியும். அது அவர் கற்ற தொழில். மற்றவர்களைக் காக்கத் தாமே அதன்மேல் விழுந்து உயிர் நீத்தார். இறந்தபின் அவருக்கு 'ஜார்ஜ் கிராஸ்' வழங்கப்பட்டது.

என் பாட்டனாரும் அந்தப் போரில் இத்தாலியில் சாப்பராக இருந்தவர். பெங்களூரில் தச்சு வேலை கற்றார். கைநாட்டு வைத்துப் போனவர், கையெழுத்துப் போடக் கற்றுத் திரும்பினார். ஆற்றின் குறுக்கே இரவோடு இரவாகப் பாலம் அமைத்த கதையை எங்களுக்குச் சொல்லும்போது, பலகைகளின் நீள அகலத்தைக் கூட மறவாமல் சொல்வார். இன்னொன்றை மட்டும் அவர் ஒரே முறைதான் சொன்னார். 1946-இல் ஊர் திரும்பிய நாளில், இராணுவ பூட்சுகளோடு பேருந்திலிருந்து இறங்கி நடந்தவர், ஒரு தெருவின் முனையில் நின்று அவற்றைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. திண்ணையிலிருந்தவர்கள் பார்த்தார்கள், அவ்வளவே. மறுவாரம் ஊரைச் சுற்றிக்கொண்டு, நம் தெருவிலிருந்து பேருந்துச் சாலைக்கு வயல் ஓரமாகத் தாமே ஒரு பாதை வெட்டினார். பள்ளிக்கு நான் நடந்தது அந்தப் பாதையில்தான்.

மாணவனுக்கு இன்னும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 1948-ஆம் ஆண்டு காஷ்மீரில் லடாக்குக்குச் செல்லும் வழியாகிய சோஜி லா கணவாய் எதிரிகள் கையில் இருந்தது. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 11,500 அடி உயரம். காலாட்படையின் தாக்குதல்கள் பலிக்கவில்லை. டாங்கிகளை மேலே கொண்டு செல்வதென்று ஜெனரல் திம்மையா துணிந்தார். அந்த உயரத்தில் அதுவரை எவரும் டாங்கியைப் போரில் இறக்கியதில்லை. அங்கே இருந்ததோ கோவேறு கழுதைகள் செல்லும் ஒற்றையடிப் பாதை. மேஜர் தங்கராஜுவின் தலைமையில் சென்னைச் சாப்பர்கள் அந்தப் பாதையை, குளிரிலும் எதிரியின் சூட்டிலும், பாறையை வெடிவைத்துப் பிளந்து அகலப்படுத்தினர். டாங்கிகளின் மேற்கூண்டுகளைக் கழற்றி, என்னவென்று தெரியாவண்ணம் மூடி, பலவீனமான பாலங்களைக் கடக்கச் செய்து பல்டால்வரை கொண்டுவந்தார்கள். நவம்பர் 1-ஆம் நாள், பனி பெய்துகொண்டிருந்த நேரத்தில், அந்த டாங்கிகள் கணவாயில் ஏறின. எதிரிகள் தங்கள் கண்களையே நம்பவில்லை. அன்று மாலைக்குள் சோஜி லா நம் படையின் கைக்கு வந்துவிட்டது.